இந்த உடம்பு என்ன வேலை பார்த்தது? தங்கவயலின் முதுமையும் கைப்பேசி மருத்துவமும்

(ராபர்ட்சன்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சில் இருந்த கிளைக்கதைகளைக் குறைத்து, அச்சுக்காகச் செப்பனிட்டிருக்கிறேன்.)



என்னை அழைத்தபோது முதியோர் நலத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் போதும் என்றார்கள். பொதுவாகப் பேசுவதால் இந்த ஊருக்கு நேரும் கெடுதலைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன். வயதான காலத்தில் கைகால் முடங்காமல் நடமாடுவது எப்படி என்று கைப்பேசியைக் கேட்டால் நொடியில் நூறு பதில் வருகிறது. அவற்றில் பல சரியான பதில்கள்தான். படித்த, பொறுப்புள்ள மருத்துவர்கள் நல்ல தமிழில் சொல்பவையும் உண்டு. அப்படியிருந்தும் அவை நம் தெருவுக்கு வந்து சேரும்போது சில வீடுகளில் தீங்காக முடிகின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் உடல்நலச் செய்தி சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன்னால், அது யாருடைய உடம்பை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். தங்கவயலில் இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டு எந்த ஆலோசனையையும் கைக்கொள்ள முடியாது. ஏன் என்பதை ஏழு கூறுகளாகச் சொல்கிறேன்.

1. தொழிலைக் கேட்காத ஆலோசனை

1700ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்டுவந்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார் அவர்: என்ன தொழில் செய்கிறாய்? அந்த நூலின் முதல் அத்தியாயமே சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கைப்பேசி இன்று நம் வயதைக் கேட்கிறது, எடையைக் கேட்கிறது, எந்த ஊரில் நிற்கிறோம் என்பதைக் கேட்காமலே தெரிந்துகொள்கிறது. என்ன வேலை பார்த்தோம் என்பதை மட்டும் கேட்பதில்லை.

இந்த ஊரில் அந்தக் கேள்வியின் எடை என்ன என்று பார்ப்போம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால்வைத்த பிறகு, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் நம் முன்னோர் குடும்பம் குடும்பமாக வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும் வரை தலைமுறை தலைமுறையாகச் சுரங்கக் கூண்டில் ஏறி இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். இங்கே தங்கம் வெள்ளைக்கல்லில், அதாவது குவார்ட்ஸ் பாறையில் ஓடுகிறது. அதைத் துளையிட்டால் பறப்பது சிலிக்காத் தூசு. 1940களில் இந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் 7,653 பேரைச் சோதித்தபோது 43.7 விழுக்காட்டினருக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்தது. இந்தியாவில் அந்த நோயைப் பற்றிய பாடம் எதை எடுத்தாலும் கோலார் தங்கவயலின் பெயர் முதல் பக்கத்தில் வரும்.

பிற்காலத்தில் தண்ணீர் பாய்ச்சித் துளையிட்டார்கள், காற்றோட்டம் சீரானது, தூசு குறைந்தது. ஆனால் சிலிகோசிஸுக்கு ஒரு குணம் உண்டு. தூசை விட்டு விலகி வந்த பிறகும் நுரையீரலில் தழும்பு வளர்ந்துகொண்டே போகலாம். 2001இல் நாற்பது வயதில் வேலையிழந்தவர் இன்று அறுபதைத் தாண்டியவர். மூச்சு இளைப்பது இப்போதுதான் அவருக்குத் தெரிய ஆரம்பித்திருக்கும். வேலையை விட்டு இத்தனை வருடமாகிவிட்டது, இனி அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரே நினைக்கிறார். கைப்பேசியில் கேட்கிறார். உடற்பயிற்சி போதவில்லை, தொப்பை, இரத்தசோகை, இதயத்தைப் பரிசோதியுங்கள் என்று பதில் வருகிறது. ஒவ்வொன்றும் ஒருவருக்குப் பொருந்தும் பதில்தான். அவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்த பதில் ஒன்றுகூட இல்லை.

உடல்நலத் தகவலின் தரத்தைச் சோதிக்க 1999இல் ஆக்ஸ்ஃபோர்டில் 16 கேள்விகள் கொண்ட ‘டிஸ்செர்ன்’ என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். ஆதாரம் காட்டுகிறதா, எப்போது எழுதப்பட்டது, சிகிச்சையின் தீமையையும் சொல்கிறதா என்றெல்லாம் அது கேட்கும். நல்ல கருவி, என் மாணவர்களுக்கும் அதைக் கற்பிக்கிறேன். ஆனால் அது சொல்லப்பட்டதை எடைபோடுகிறதே தவிர, கேட்பவரின் உடம்பை அறியாது. அந்தப் பாதி நம் பொறுப்பு.

2. ஆஸ்பத்திரி ஓய்ந்த இடத்தில்

நம் பெரியவர்கள் ஏன் கைப்பேசி மருத்துவத்தை இவ்வளவு நம்புகிறார்கள் என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். சுரங்கம் இருந்தவரை கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. காய்ச்சலா, கால் முறிவா, பிரசவமா, எல்லாவற்றுக்கும் அங்கேதான். தொழிலாளியை வேலைக்காலத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும் என்று சுரங்க விதிகளே சொல்கின்றன. அவருடைய நெஞ்சின் வரலாறு ஓர் இடத்தில் காகிதமாக இருந்தது. சுரங்கம் மூடியதும் அந்த ஏற்பாடு முழுவதும் சரிந்தது. 2021 கொரோனா அலையில், பல்லாண்டு பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்தைப் பெருக்கிக் கழுவித் திறப்பதற்கு ஊர்க்காரர்கள் திரண்டதை நீங்கள் அறிவீர்கள். ஒரு ஆஸ்பத்திரியின் மேல் ஒரு ஊர் எத்தனை ஆசை வைத்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மொழியும் ஒரு காரணம். இங்கே அரசு அலுவலகத்தின் மொழி கன்னடம். பிள்ளைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படித்துவிட்டார்கள். எழுபது வயதுப் பாட்டிக்குச் சரளமாக வருவது தமிழ். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், துண்டறிக்கை கன்னடத்தில். மகனும் மருமகளும் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறினால் வீடு திரும்ப இரவாகிறது. பகல் முழுவதும் அவரோடு தமிழில், நிதானமாக, முகத்தைப் பார்த்துப் பேசும் மருத்துவர் கைப்பேசியில்தான் இருக்கிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் மைக் படத்தைத் தொட்டு வாயால் கேட்டுவிடுகிறார்கள். அந்தக் குரல் அவர்களுக்குத் துணை. அதைப் பிடுங்கிவிடு என்று யாரும் என்னைச் சொல்லவைக்க முடியாது.

3. பத்தாயிரம் அடியும் தூசு படிந்த நுரையீரலும்

இந்தப் பகுதியில் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நந்திதுர்க் சுரங்கத்தில் துளையிடும் வேலை பார்த்த என் உறவினர் ஒருவர், எனக்குப் பெரியப்பா முறை. லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மகன் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். வெள்ளைக் கோட்டு போட்ட மருத்துவர், அறுபதைத் தாண்டியவர்கள் கையை வீசி வேகமாக நடக்க வேண்டும், தினம் பத்தாயிரம் அடி, மூச்சு வாங்கினால்தான் பலன் என்கிறார். பெரியப்பா படத்தை நிறுத்தினார். “ஏம்பா, நாலு வீடு தாண்டுறதுக்குள்ள எனக்கு நெஞ்சு அடைக்குது. தெருக்குழாய்கிட்ட நின்னு சுவத்தப் புடிச்சிக்கிறேன். நான் நடக்கிற விதம் தப்பா?” என்று கேட்டார். முப்பது ஆண்டு கூண்டில் இறங்கிய மனிதர், தன் நடையில் ஏதோ குற்றம் இருக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் அவர் நடப்பதையே விட்டுவிட்டார். அது இன்னும் பெரிய கேடு.

பத்தாயிரம் அடி என்ற எண் எங்கிருந்து வந்தது? டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. ஆய்வு செய்து கண்ட எல்லை என்று அதைச் சொல்ல முடியாது. 2019இல் அமெரிக்காவில் ஐ-மின் லீ குழுவினர் சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களின் நடையை அளந்து வெளியிட்டார்கள். ஒரு நாளில் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இரண்டாயிரத்தில் இருப்பவர் மூன்றாயிரத்துக்கு வருவதுதான் பெரிய வெற்றி.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று இருக்கிறது. இந்த வரியை எல்லா வீடியோக்களும் சொல்கின்றன. அதே வழிகாட்டியில், அவரவர் உடம்பு எவ்வளவுக்கு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு செய்ய வேண்டும், முயற்சியின் அளவைத் தம் தெம்புக்கு ஏற்ப வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வரி வழியில் உதிர்ந்துபோகிறது. தங்கவயலுக்கு வேண்டியது அந்த இரண்டாவது வரிதான்.

அப்படியானால் சுரங்க நுரையீரல் உள்ளவர் சும்மா படுத்துக் கிடக்கலாமா? கூடவே கூடாது. 1966இல் டல்லஸ் நகரில் இருபது வயது வாலிபர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அந்த வயதிலேயே அவர்களுடைய உடல்திறன் கடுமையாகச் சரிந்துவிட்டது. அதே ஐவரை முப்பது ஆண்டு கழித்துச் சோதித்தபோது, அத்தனை ஆண்டு மூப்பு செய்த நட்டத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த நட்டம் அதிகம் என்று தெரிந்தது. நுரையீரலின் தழும்பைப் பயிற்சியால் கரைக்க முடியாது. ஆனால் தொடைத் தசை வலுவாக இருந்தால் அதே வேலைக்கு அது கேட்கும் மூச்சு குறையும். நுரையீரல் நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சி முழுவதும் இந்த அடிப்படையில் நிற்கிறது.

பெரியப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாதியில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். நாலு வீடு நடந்து, நின்று, மூச்சு ஆறி, மறுபடி நாலு வீடு. நிற்பது தோல்வியில்லை, அதுவும் பயிற்சியின் பங்கு. மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை அசைக்கிற அளவுக்கு உதட்டைக் குவித்து மெல்ல ஊதி வெளியே விட வேண்டும். இழுப்பதைவிட விடுவதற்கு இரண்டு மடங்கு நேரம். மூச்சை உள்ளே அடக்கி நிறுத்தச் சொல்லும் பிராணாயாம வீடியோக்களை நுரையீரல் நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் தம் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்தில் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. நடக்கும்போது அது 90க்குக் கீழே இறங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ வந்தால் அன்றைய நடை முடிந்தது.

எங்கே நடப்பது என்பதும் உண்டு. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கழிவைக் கொட்டிய சயனைட் மேடுகளிலிருந்து காற்றடிக்கும் மாதங்களில் வெள்ளைப் புழுதி தெருவுக்குள் வருகிறதே, அதிலும் அரைத்த பாறைத் தூள்தான் இருக்கிறது. காற்று எழும்பாத நேரமாகப் பார்த்து, மேட்டுக்கு எதிர்ப்பக்கமாக நடங்கள். காலை இளவெயில் நல்லது என்று சென்னையிலிருந்து சொல்லும் மருத்துவருக்கு இந்த மேடுகள் தெரியாது. மார்கழிப் பனியில் இங்கே ஐந்து மணிக்கு எழுந்து நடப்பதால் இருமல்தான் மிச்சம்.

4. முட்டியும் தண்ணீரும்

முட்டி வலி வீடியோக்கள் பெரும்பாலும் தேய்ந்த எலும்பின் படத்தோடு ஆரம்பிக்கின்றன. பார்த்தவருக்கு வரும் முதல் எண்ணம், இருப்பதையாவது தேயாமல் காப்போம், நடையைக் குறைப்போம் என்பது. மூட்டுக் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. எடை ஏறி இறங்கும்போதுதான் அதற்குச் சத்து போய்ச் சேர்கிறது. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்வுக்கும் ஒருவர் படும் வலிக்கும் நேர்ப் பொருத்தமும் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, மூட்டுத் தேய்வு உள்ள எல்லோருக்கும் தசையை வலுவாக்கும் பயிற்சியை முதலில் வைக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் குளுக்கோசமைன் மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆனால் கோலார் மாவட்டத்தில் மூட்டு வலிக்கு இன்னொரு வாசல் உண்டு. இங்கே நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்கிறது. அதற்கு மேலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைப் பல ஆண்டு குடித்தால் முதுகெலும்பு விறைக்கும், கழுத்தைத் திருப்ப முடியாது, முட்டியை மடக்க முடியாது. முடக்குவாதம் என்றோ வயதுக் கோளாறு என்றோ அது எளிதில் தப்பாக எண்ணப்படும். அப்படிப்பட்டவர் எத்தனை ஆசனம் செய்தாலும், குடிக்கும் நீர் மாறாவிட்டால் விறைப்பு நிற்காது. ஓய்வுபெற்ற பிறகு பங்காருப்பேட்டை, முல்பாகல் பக்கத்துக் கிராமங்களில் வீடு கட்டிப் போன குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். கிராமத்து ஆர்.ஓ. குடிநீர் நிலையத்தில் பிடிக்கும் நீரைச் சமையலுக்கும் பயன்படுத்துங்கள். முட்டி வலிக்கு ஆலோசனை சொன்ன எந்த வீடியோவும், எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

5. வீட்டு வாசலுக்கு வரும் பொட்டலம்

எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். வீடியோவின் கடைசியில் ஒரு எண் வருகிறது. அழைத்தால் அன்பாகப் பேசுகிறார்கள். நாலு நாளில் கூரியரில் ஒரு டப்பா வருகிறது. மேலே மூலிகைப் படம், உள்ளே சூரணப் பொட்டலம், கூடவே பெயர் அச்சிடாத மாத்திரை. சாப்பிட்ட மூன்றாம் நாளே வலி பறந்துவிடுகிறது, பசி எடுக்கிறது, முகம் பூரித்து நிறைகிறது. தெரு முழுவதும் அந்த எண்ணை வாங்கிக்கொள்கிறது.

இத்தனை சீக்கிரம், இத்தனை முழுமையாக மூட்டு வலியைத் தீர்க்கும் மூலிகைப் பொட்டலத்தை நான் முதலில் சந்தேகிப்பது ஸ்டீராய்டுக்காக. இது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. 2022இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், இணையத்தில் மூட்டுக்கான இயற்கை மருந்தென்று விற்ற ‘ஆர்ட்ரி கிங்’ மாத்திரையைச் சோதித்து, அதில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியும் மறைந்திருப்பதாக எச்சரித்தது. மேலட்டையில் இரண்டின் பெயரும் இல்லை.

மற்ற ஊரில் இந்த ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பை உளுக்கவைக்கும், இரத்த அழுத்தத்தைக் கூட்டும். தங்கவயலில் இன்னொன்றையும் செய்யும். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். வாலிபத்தில் தொற்றிய கிருமி அங்கே பல ஆண்டு உறங்கிக் கிடக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைத்திருக்கும். ஸ்டீராய்டு அந்தக் காவலைத் தளர்த்துகிறது. முட்டி வலிக்கு வாங்கிய பொட்டலம் நெஞ்சில் காசநோயை எழுப்பிவிட முடியும். இரண்டையும் இணைத்துப் பார்க்கும் அறிவு, இவர் சுரங்கத்தில் இருந்தவர் என்று தெரிந்த மருத்துவருக்கு மட்டுமே வரும்.

அப்படி ஒரு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். அவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன், இன்றைக்கே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்திருக்கும், சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, மாலைக் காய்ச்சல் வந்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் காசநோய் மருந்தும் அங்கே இலவசம். போனதும் முதல் வார்த்தையாக, நான் மைன்ஸில் வேலை பார்த்தவன் என்று சொல்லுங்கள்.

வாத நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வு விளம்பரச் சட்டம் தடுக்கிறது. எழுபது ஆண்டாகச் சட்டம் இருக்கிறது. விளம்பரமும் இருக்கிறது.

6. நடமாட்டத்தை எதைக்கொண்டு அளப்பது

கைக்கடிகாரம் அடிகளை எண்ணுகிறது. லைன் வீட்டில் வாழும் ஒரு பாட்டிக்கு நடமாட்டம் என்பது, இரவில் பொதுக் கழிப்பறைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து எழுந்து வர முடிவது. குழாயடியிலிருந்து ஒரு குடம் கொண்டுவர முடிவது. ரேஷன் கடை வரிசையில் நிற்க முடிவது. ஞாயிறு தேவாலயத்துக்கோ ஆடி வெள்ளியில் அம்மன் கோயிலுக்கோ பிறர் கைத்தாங்கல் இல்லாமல் போய்வர முடிவது. இவை எல்லாவற்றுக்கும் தொடையில் வலு வேண்டும், காலில் சமநிலை வேண்டும். வெறும் நடை இதைத் தராது. உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2020 வழிகாட்டி, முதியோருக்கு வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம் தெருவில் நடை வீடியோ பார்த்தவர்கள் ஏராளம், இதைக் கேள்விப்பட்டவர்கள் அபூர்வம்.

தொண்ணூறு வயதில் தசை வளருமா என்று கேட்பீர்கள். 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார். கால் தசையின் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். பயிற்சியை நான்கு வாரம் நிறுத்தியதும் வலு மறுபடி கணிசமாகக் குறைந்துபோனதையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்தைப்போல இதையும் விடாமல் செய்ய வேண்டும்.

வீட்டில் செய்ய ஒரு சோதனை உண்டு. கை இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்காவில் புழங்கும் அட்டவணைப்படி 65 முதல் 69 வயது வரையுள்ள ஆணுக்கு 12, பெண்ணுக்கு 11 என்பதற்குக் கீழே போனால் விழும் வாய்ப்பு கூடுதல் என்று பொருள். தரையில் உட்கார்ந்தே வாழ்ந்த நம் உடம்புக்கு அந்த எண் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். இந்த மாதம் எட்டு, அடுத்த மாதம் ஒன்பது என்று உங்களை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். அந்தச் சோதனையே பயிற்சியும் ஆகும்: காலை ஐந்து முறை, மாலை ஐந்து முறை. பல் தேய்க்கும்போது சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து வினாடி நில்லுங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகள் பெங்களூருவில் ஆயத்த ஆடை வேலைக்குப் போக, பேரக்குழந்தைகளைத் தூக்கி வளர்ப்பது பாட்டிதான். நாள் முழுவதும் வேலை செய்கிறேனே, எனக்கெதற்குத் தனியாகப் பயிற்சி என்று கேட்கிறார்கள். அந்த வேலை உடம்பைக் களைக்கவைக்கிறது, தேவையான தசையை வளர்ப்பதில்லை. சுரங்கத்துக்குள் அவர்கள் இறங்கவில்லை. ஆனால் கணவர் சட்டையின் புழுதியைத் துவைத்தவர்கள், விறகுப் புகையில் சமைத்தவர்கள், இருமும் கணவரை இரவெல்லாம் கவனித்தவர்கள். அவர்களுக்கு மூச்சு வாங்கினாலும் ஊதி ஒதுக்கக் கூடாது, நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

7. நாம் செய்ய வேண்டியது

சுரங்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எத்தனை நாள் பழகிய இடமானாலும் வேலை தொடங்குமுன் கம்பியால் மேற்கூரையைத் தட்டிப் பார்ப்பார்கள், கல் தளர்ந்திருக்கும் சத்தம் கேட்டால் அதன்கீழ் நிற்கமாட்டார்கள். கைப்பேசியில் வரும் ஆலோசனையையும் அப்படித் தட்டிப் பாருங்கள். பேசுபவர் யார்? கடைசியில் ஏதாவது விற்கிறாரா? யார் யார் இதைச் செய்யக் கூடாது என்று சொல்கிறாரா? எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்கிறாரா? என் நெஞ்சும் என் தண்ணீரும் தெரிந்தால் இதையே சொல்லியிருப்பாரா?

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பொய்ச் செய்தியை அனுப்பாதே என்று அப்பாவைக் கடிந்துகொள்வதை விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பார்த்ததை நீங்களும் பாருங்கள். அவருடைய பழைய எக்ஸ்ரே, மருத்துவச் சீட்டு, சுரங்க வேலைச் சான்று எல்லாவற்றையும் படமெடுத்து அவர் கைப்பேசியிலேயே ஒரே இடத்தில் வையுங்கள். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்தச் சுரங்கம், துளையிட்டாரா, வண்டி தள்ளினாரா என்று ஒரு நிமிடம் அவரையே பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். இ-சஞ்சீவனியில் காணொளி வழியாக மருத்துவரைப் பார்க்கும் வசதியை அரசு வைத்திருக்கிறது. அங்கே இந்த ஒரு நிமிடம் பெரிய உதவி. முதியோருக்கான 14567 எண்ணையும் சேமித்துக் கொடுங்கள்.

அரசுக்கும் ஒரு சொல். நமக்கு அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிசியோதெரபியையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. கர்நாடக அரசின் கிருஹ ஆரோக்கியத் திட்டமும் 2024இல் நம் கோலார் மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கியது. வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பவர்கள், தங்கவயலில் மட்டுமாவது மூன்று காரியம் கூடுதலாகச் செய்ய வேண்டும்: சுரங்கத்தில் இருந்தீர்களா என்று கேட்பது, நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பார்ப்பது, விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி நாலு வீடு நடத்திப் பார்ப்பது. கேட்கும் கேள்வியைத் தமிழிலும் அச்சிட்டால் புண்ணியம்.

நம்மால் உடனே ஆகக்கூடியதும் ஒன்று உண்டு. வெளியூர் வீடியோக்களைக் குறைசொல்லிக்கொண்டு இருப்பதைவிட, நம் பேச்சில், நம் லைன் வீட்டுத் திண்ணையில், நம் பெரியவர்களே செய்து காட்டும் பயிற்சிகளை நாமே படமெடுக்கலாம். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். விற்க எதுவும் இருக்காது, கடைசியில் எந்த எண்ணும் வராது. படப்பிடிப்பும் ஒலிப்பதிவும் தெரிந்த பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். பயிற்சியைச் சரிபார்த்துத் தருவது என் வேலை, அதற்கு இன்றே ஒப்புக்கொள்கிறேன். முதல் படத்தில் நடக்கப் பெரியப்பா சம்மதித்துவிட்டார்.

தலைவர் அவர்களின் அனுமதியோடு ஓர் அறிவிப்பு. வெளியே வராந்தாவில் சுவரோரமாக ஆறு நாற்காலிகள் போட்டிருக்கிறோம். என் மாணவிகள் கடிகாரத்தோடும் ஆக்சிமீட்டரோடும் காத்திருக்கிறார்கள். 30 வினாடிச் சோதனை செய்து பார்க்க விரும்பும் பெரியவர்கள் தேநீர் குடிப்பதற்கு முன்னால் அங்கே வாருங்கள். நெஞ்சு வலியோ, அண்மையில் அறுவைச் சிகிச்சையோ உள்ளவர்கள் சோதனை செய்ய வேண்டாம், பெயரை மட்டும் கொடுங்கள். பழைய எக்ஸ்ரே கொண்டுவந்திருப்பவர்கள் வலதுபக்க மேசைக்கு வாருங்கள், நான் அங்கே இருப்பேன்.